பிரமிடு வளாகத்தின் கீழ்க்கோயிலில்தான் அரசனின் உடல் பதப்படுத்தப்பட்டதா?

1. மணல்மேடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடும் வாசிப்பு வட்டத்துக்காக எகிப்தியப் பிரமிடு வளாகங்களைப் பற்றி ஒரு சுவர்ப்படம் வரைந்துகொண்டிருக்கிறேன். பிரமிடு என்றவுடன் நம் கண்முன் வந்து நிற்பது அந்தக் கூம்பு மட்டும்தான் என்றாலும், நான்காம் வம்சத்திலிருந்து அது ஒரு நீண்ட வளாகத்தின் மேற்கு முனையாகவே அமைந்திருக்கிறது. நைலின் வெள்ளச் சமவெளி முடிகிற விளிம்பில், கால்வாய் வழியாகப் படகு வந்து நிற்கும் இடத்தில் ஒரு கோயில், அதாவது கீழ்க்கோயில். அங்கிருந்து பாலைவன மேட்டுக்கு ஏறிச் செல்லும் கல்பாதை. அதன் மேல்முனையில், பிரமிடின் கிழக்கு முகத்தை ஒட்டி இன்னொரு கோயில், அதாவது மேற்கோயில். அதன் பின்னால் பிரமிடு, துணைப்பிரமிடு, படகுக்குழிகள், சுற்றுமதில். கிசாவில் காஃப்ரே மன்னனின் வளாகத்தில் (கி.மு. 26ஆம் நூற்றாண்டு) இந்த அமைப்பை இன்றும் நடந்து பார்க்க முடியும். கீழ்க்கோயிலில் 16 கருங்கல் தூண்கள் நிற்கின்றன; ஒருகாலத்தில் அங்கே 23 அரச சிலைகள் சுவரோரமாக அமர்ந்திருந்தன; கல்பாதையின் நீளம் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர்.

என் ஐயம் இதுதான். நான் படித்தவற்றில் பெரும்பாலானவை, அரசனின் உடல் படகில் வந்து, கீழ்க்கோயிலில் பதப்படுத்தப்பட்டு, வாய்திறப்புச் சடங்கு முடிந்து, ஊர்வலமாகக் கல்பாதையில் ஏறிப் பிரமிடுக்குள் சென்றது என்று நேரில் பார்த்ததுபோல எழுதுகின்றன. என் படத்திலும் கீழிருந்து மேலாக ஒரு சிவப்பு அம்புக்குறி போட்டுவிட்டேன். அதன் பிறகுதான், இதற்குச் சான்று எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

2. சுவடிப்பெட்டி

மணல்மேடு ஐயா, அம்புக்குறி போடுவதற்கு முன்பே தேடியிருக்கலாம். ஆனாலும் கேட்டது நல்ல கேள்வி.

அந்தச் சித்திரத்துக்கு வயது நூறு ஆண்டுகூட இல்லை. 1941இல் பெர்ன்ஹார்ட் கிர்ட்செலாஃப் என்ற ஆய்வாளர், தனியார் கல்லறைச் சுவர்களில் வரையப்பட்டிருக்கும் 'இபு' என்ற தூய்மைக் கூடாரத்தை ஆராய்ந்து, அரசனுக்கு அப்படிப்பட்ட கூடாரம் கீழ்க்கோயிலின் கூரைமீது அமைக்கப்பட்டிருக்கும் என்று கருதினார். 1950இல் ஹெர்பர்ட் ரிக்கே, சீக்ஃபிரீட் ஷாட் ஆகிய இருவரும் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். பிரமிடுகளின் உட்சுவர்களில் வெட்டப்பட்ட சடங்குப் பாடல்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, இன்ன பாடல் கீழ்க்கோயிலில் ஓதப்பட்டது, இன்னது கல்பாதையில், இன்னது மேற்கோயிலின் முற்றத்தில் என்று ஒவ்வொரு அறைக்கும் ஒரு சடங்கை ஒதுக்கினார் ஷாட். படிப்பதற்கு மிக அழகான கோட்பாடு. கட்டடமே சடங்கின் கல்வடிவம் என்று ஆகிவிடுகிறது அல்லவா? 1977இல் டீட்டர் ஆர்னால்ட் எழுதிய கட்டுரைதான் இதைக் கேள்விக்கு உட்படுத்தியது. இந்தக் கோயில்களின் சுவரோவியங்கள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை என்று பாருங்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

3. நெடுவழி

சுவடிப்பெட்டி அவர்களோடு முழுவதும் உடன்பட இயலவில்லை. ஊர்வலமே நடக்கவில்லை என்பதுபோல் ஒலிக்கிறது.

கிசாவில் ஆறாம் வம்சத்து அதிகாரியான கார் என்பவரின் கல்லறையில் இறுதி ஊர்வலம் விரிவாகச் செதுக்கப்பட்டுள்ளது. வீட்டிலிருந்து பெட்டி புறப்படுகிறது. ஈசிஸ், நெஃப்திஸ் தேவியரின் இடத்தில் நின்று ஒப்பாரி வைக்கும் பெண்கள் உடன் வருகிறார்கள். சுருளைக் கையில் ஏந்திய ஓதும் பூசகர் இருக்கிறார். படகு நீரைக் கடந்து தூய்மைக் கூடாரத்துக்கும், பின்னர் 'வபெத்' எனப்படும் பதப்படுத்தும் கூடத்துக்கும் செல்கிறது. ஓர் அதிகாரிக்கே இத்தனை இருந்தால், அரசனுக்கு இதைவிடப் பெரிய அளவில் இருந்திருக்கும் என்று கொள்வதில் என்ன தவறு? நீர்க்கரையில் நிற்கும் ஒரே பெரிய கட்டடம் கீழ்க்கோயில்தான். படகுத்துறையும் அங்கேதான் இருக்கிறது.

4. மணல்மேடு

இடையில் ஒரு சொல் விளக்கம். பல இடங்களில் கீழ்க்கோயிலைப் 'பள்ளத்தாக்குக் கோயில்' என்றே மொழிபெயர்க்கிறார்கள். மலைகளுக்கு நடுவே எங்கோ இருப்பதுபோல் தோன்றுவதால், நான் கீழ்க்கோயில், மேற்கோயில் என்றே எழுதுகிறேன். மேற்கோயிலைப் 'பள்ளிப்படை' என்று அழைக்கலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். பள்ளிப்படை இறந்த அரசனின் பெயரில் எழுப்பப்படும் சிவன் கோயில். எகிப்தில் வழிபாடு பெறுபவன் அரசனே. ஆகையால் அந்தச் சொல்லை இங்கே பயன்படுத்த மனம் வரவில்லை.

5. சுவடிப்பெட்டி

நெடுவழி நண்பரே, ஊர்வலம் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. இந்தக் கட்டடங்கள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல என்கிறேன். நீங்கள் சொன்ன காரின் கல்லறைப் படத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. அதில் வரும் கூடாரமும் கூடமும் கல்லில் கட்டிய கோயில்கள் அல்ல. கம்பும் பாயும் கொண்டு நீரருகே எழுப்பி, வேலை முடிந்ததும் பிரித்துவிடக்கூடிய அமைப்புகளாகவே தெரிகின்றன. மனித உடலைத் திறந்து, உள்ளுறுப்புகளை எடுத்து, நேட்ரான் உப்பில் வாரக்கணக்கில் கிடத்தும் வேலைக்குக் காற்றோட்டமும் ஓடும் நீரும் தேவை. 23 அரச சிலைகள் அமர்ந்திருக்கும் இருண்ட கருங்கல் மண்டபத்தில் அதைச் செய்திருப்பார்கள் என்பது எனக்கு ஒருபோதும் பொருந்தி வரவில்லை.

அடுத்து, வளாகத்தின் வழியைக் கவனியுங்கள். ஐந்தாம், ஆறாம் வம்ச வளாகங்களில் கல்பாதை வழியாக மேற்கோயிலுக்குள் வந்து, தூண்கள் சூழ்ந்த முற்றத்தைக் கடந்து, ஐந்து சிலைமாடங்களைத் தாண்டி உள்ளே சென்றால், கடைசியாக நீங்கள் வந்து சேர்வது படையல் அறை. அதன் மேற்குச் சுவரில் ஒரு வாயில் இருக்கிறது. ஆனால் அது பொய்வாயில், முழுக்கல்லில் வாயில்போலச் செதுக்கியது. இறந்தவரின் ஆற்றல் அதன் வழியே வெளிவந்து படையலை ஏற்கும் என்பது நம்பிக்கை. உடலோ பெட்டியோ அதன் வழியாகப் போக முடியாது. பிரமிடின் உண்மையான நுழைவாயில் வடக்குப் பக்கத்தில் இருக்கிறது. பக்கவாயில் வழியாக வெளிமுற்றத்துக்குச் சென்று சுற்றி வரலாம் என்பது உண்மைதான். ஆனால் அரசனின் கடைசிப் பயணத்துக்கென்றே கட்டிய பாதை, பயணம் முடிய வேண்டிய இடத்தில் முட்டுச்சுவராக முடியுமா?

சுவரோவியங்களைப் பற்றி ஆர்னால்ட் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அபுசிரில் சாகுரே மன்னனின் கோயிலில் கடற்பயணம் முடித்துத் திரும்பும் கப்பல்கள், சிரியாவிலிருந்து கொண்டுவந்த கரடிகள், வேட்டை, கட்டுண்ட பகைவர்கள், தெய்வத்திடம் பால் குடிக்கும் அரசன் ஆகியவை உள்ளன. சக்காராவில் ஏறத்தாழ 750 மீட்டர் நீளமுள்ள உனாஸ் மன்னனின் கல்பாதைச் சுவரில், அஸ்வானிலிருந்து கருங்கல் தூண்களை ஏற்றி வரும் படகுகளும், பசியால் விலா எலும்பு துருத்தி நிற்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். அரசனின் சவ ஊர்வலத்தை மட்டும் எங்கும் காணோம். அதிகாரிகள் தங்கள் கல்லறைகளில் தயங்காமல் வரைந்த காட்சி அது.

6. கணக்கன்

உரையாடலைத் தொடர்ந்து படித்து வருகிறேன். கட்டடக்கலையில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆனால் நாட்கணக்கு ஒன்று இங்கே உதவக்கூடும்.

பதப்படுத்துவதற்கு 70 நாட்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தரும் கணக்கு அது. பிற்கால எகிப்தியச் சான்றுகளும் அதையே சொல்கின்றன. கிசாவில் மூன்றாம் மெரெசாங்கு என்ற அரசியின் கல்லறை வாயிலில் இரண்டு தேதிகள் வெட்டப்பட்டுள்ளன. இவர் கிசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனின் பேத்தி, காஃப்ரேயின் மனைவி. முதல் தேதி, அவர் இறந்து பதப்படுத்தும் கூடத்துக்குச் சென்ற நாள்: அறுவடைப் பருவத்தின் முதல் மாதம், 21ஆம் நாள். இரண்டாவது, கல்லறைக்குச் சென்ற நாள்: அடுத்த ஆண்டில் விதைப்புப் பருவத்தின் இரண்டாம் மாதம், 18ஆம் நாள்.

எகிப்திய ஆண்டில் மூன்று பருவங்கள்: வெள்ளம், விதைப்பு, அறுவடை. பருவத்துக்கு நான்கு மாதங்கள், மாதத்துக்கு 30 நாட்கள், ஆண்டின் இறுதியில் கூடுதலாக 5 நாட்கள். இறந்த மாதத்தில் எஞ்சியவை 9 நாட்கள், அறுவடைப் பருவத்தின் மற்ற மூன்று மாதங்கள் 90, கூடுதல் நாட்கள் 5, புத்தாண்டில் வெள்ளப் பருவம் முழுவதும் 120, விதைப்புப் பருவத்தின் முதல் மாதம் 30, பிறகு 18. கூட்டினால் 272 நாட்கள்.

அதாவது, ஓர் அரசியின் உடல் ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் அந்தக் கூடத்தின் பொறுப்பில் இருந்திருக்கிறது. காரணம் கல்லறை வேலை முடியாமல் இருந்ததாகவும் இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். அத்தனை காலம் ஓர் உடலை வைத்துக் காப்பதென்றால், அதற்கென்று தனியாக ஓர் இடமும், ஆட்களும், காவலும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஊர்வலத்தின் நடுவே நின்று செய்துவிட்டுப் போகும் வேலையாக அது தெரியவில்லை.

7. நெடுவழி

கணக்கன் அவர்களின் கூட்டலைத் தாளில் போட்டுச் சரிபார்த்தேன், சரியாகவே வருகிறது. அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கும் கிசாவிலேயே சான்று உண்டு. கூஃபுவின் தாய் ஹெடெஃபெரெஸ் அரசியின் புதைகுழி 1925இல் கிடைத்தது. 1927இல் அதன் வெண்பளிங்குப் பேழையைத் திறந்தபோது உள்ளே உடல் இல்லை. ஆனால் சுவரில் மறைத்து வைத்திருந்த, நான்கு அறைகள் கொண்ட சிறு பெட்டியில் உள்ளுறுப்புப் பொதிகள் இருந்தன. நேட்ரான் கரைசல் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழித்தும் அதில் ஈரமாகவே இருந்தது.

ஆனாலும் என் தரப்பில் ஒரு பொருட்சான்று மிச்சம் இருக்கிறது. வாய்திறப்புச் சடங்கில் பயன்படும் 'பெசெஷ்-கெஃப்' என்ற கருவி, மீன்வால்போல நுனி பிளந்த சிக்கிமுக்கிக் கல் கத்தி. இறந்தவரின் வாயைச் சடங்கு முறையில் திறந்து, உண்ணவும் பேசவும் வல்லவராக்குவது அதன் வேலை. கூஃபுவின் பெயர் பொறித்த அப்படியொரு கத்தியை, கிசாவிலேயே மென்காவுரே மன்னனின் கீழ்க்கோயிலில் அகழாய்வாளர் ஜார்ஜ் ரைஸ்னர் கண்டெடுத்தார். சடங்குக் கருவியே கீழ்க்கோயிலில் கிடைத்திருக்கும்போது, அங்கே சடங்கு நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

8. சுவடிப்பெட்டி

மிக நல்ல சான்று. ஆனால் அது உங்கள் பக்கம் சாயவில்லை. கத்தியில் இருப்பது கூஃபுவின் பெயர். கிடைத்ததோ அவருடைய பேரன் மென்காவுரேயின் கோயிலில். ஒரு சவ அடக்கத்தோடு முடிந்துபோன பொருளாக இருந்தால், இரண்டு தலைமுறை தாண்டி இன்னொருவர் கோயிலுக்கு ஏன் வருகிறது? பரம்பரையாகக் கைமாறிப் பயன்பட்ட கோயில் உடைமையாகவே அதைப் பார்க்க முடிகிறது. வாய்திறப்பு உடலுக்கு மட்டும் செய்யப்பட்டதல்ல, சிலைகளுக்கும் செய்யப்பட்டது. சிற்பி செதுக்கி முடித்த கல்லை, படையல் ஏற்கும் மேனியாக ஆக்குவதே அந்தச் சடங்கு. நிறைய சிலைகள் இருந்த கோயிலில் அந்தக் கத்தி இருந்ததில் வியப்பே இல்லை.

மென்காவுரேயின் பெயரை எடுத்துவிட்டீர்கள் என்பதால், என் முதன்மையான வாதத்தையும் இங்கேயே வைத்துவிடுகிறேன். மென்காவுரே இறந்தபோது அவருடைய வளாகம் முடிந்திருக்கவில்லை. பெரிய சுண்ணாம்புக்கல் கட்டைகளால் தொடங்கிய கோயில்களை, அவருக்குப் பின் வந்த ஷெப்செஸ்காஃப் பச்சைச் செங்கல்லால் கட்டி முடித்தார். அபுசிரில் ஐந்தாம் வம்ச மன்னன் நெஃபெரிர்காரேயின் நிலை இன்னும் தெளிவானது. அவருக்குக் கீழ்க்கோயிலே முடியவில்லை. தொடங்கியிருந்த கீழ்க்கோயிலையும் கல்பாதையையும் பின்னால் வந்த நியூசெர்ரே எடுத்துக்கொண்டு, பாதையை வளைத்துத் தன் பிரமிடுக்குத் திருப்பிவிட்டார். நெஃபெரெஃப்ரேயின் பிரமிடோ தாழ்வான ஒரு மேடையோடு நின்றுபோனது. அவருக்குக் கீழ்க்கோயிலும் இல்லை, கல்பாதையும் இல்லை. ஆனால் அவர் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்; அவருடைய மம்மியின் சில பகுதிகளைச் செக் அகழாய்வுக் குழுவினர் அதன் அடக்க அறையிலேயே கண்டெடுத்தனர்.

கீழ்க்கோயில் இல்லாமல் ஓர் அரசனை முறைப்படி அடக்கம் செய்ய முடிந்திருக்கிறது. அப்படியானால் அடக்கத்துக்கு அது இன்றியமையாதது அல்ல. ஆனால் இந்த மூவருக்கும் பின்வந்தவர்கள் அவசர அவசரமாகச் செங்கல்லிலும் மரத்திலுமாவது கட்டிக்கொடுத்தது எதை என்று பாருங்கள்: வழிபாட்டுக்குரிய மேற்கோயிலை. நெஃபெரிர்காரேயின் மேற்கோயிலில் கல்தூண்களுக்குப் பதிலாகத் தாமரை வடிவ மரத்தூண்களை நிறுத்தினார்கள்.

9. வெண்தாமரை

இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன்; நெஃபெரிர்காரேயின் பெயர் வந்ததால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கீழ்க்கோயில் இல்லாமல் போனதால் விளைந்த ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும். வழக்கமாகப் பூசகர்களின் குடியிருப்பு கீழே, வயல்வெளியின் ஓரத்தில் இருக்கும்; அங்கே எழுதிவைத்த ஏடுகளெல்லாம் ஈரத்தில் மட்கிப்போயின. நெஃபெரிர்காரேயின் பூசகர்களுக்குக் கீழே கோயில் இல்லாததால், அவர்கள் மேலே பாலைவனத்தில், மேற்கோயிலை ஒட்டியே மண்வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அதனால் அவர்களுடைய அலுவலக ஏடுகள் உலர்ந்த மணலில் பிழைத்துக்கிடந்தன. 1893இல் திருட்டுத்தனமாகத் தோண்டியவர்கள் கையில் அவை சிக்கிப் பல நாடுகளுக்குச் சிதறின. பவுல் போசனே-கிரீகே என்ற பிரெஞ்சுப் பெண் அறிஞர் அவற்றை ஒன்றுசேர்த்து, 1976இல் முழு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். பின்னர் நெஃபெரெஃப்ரேயின் கோயிலிலும் இத்தகைய ஏடுகள் கிடைத்தன.

இவற்றில் என்ன இருக்கிறது? யாருக்கு எந்த நாளில் என்ன பணி என்ற முறைப்பட்டியல். எந்த அறையின் களிமண் முத்திரை சரிபார்க்கப்பட்டது என்ற குறிப்பு. அரண்மனையிலிருந்தும் சூரியக் கோயிலிலிருந்தும் வரவேண்டிய ரொட்டியும் பீரும் எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்ற கணக்கு. எனக்கு மிகவும் பிடித்தது பாத்திரப் பட்டியல். சிவப்பிலும் கறுப்பிலும் கோடு போட்டுக் கட்டம் கட்டி, மேலே பொருளின் வகை, கீழே அதன் எண்ணிக்கை, அதற்கும் கீழே அதன் நிலை என்று எழுதியிருக்கிறார்கள்: விளிம்பில் பழுது, அடியில் விரிசல், ஒட்டப்பட்டது. ஒரு குழு பணி முடித்து அடுத்த குழுவிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது, 'நாங்கள் உடைக்கவில்லை, முன்பே உடைந்திருந்தது' என்று சொல்லிக்கொள்ள எழுதிய ஏடு அது. கோயில் பண்டாரத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்த ஏடுகளில் பேசப்படுவதெல்லாம் அன்றாட வழிபாடே. சிலைமாடத்தின் கதவைத் திறந்து, சிலையைத் தூய்மை செய்து, ஆடை சாத்தி, நறும்புகை காட்டி, படையல் வைத்து, நீர் வார்த்து, மீண்டும் மூடி முத்திரையிடுவது. திருவிழாக் காலம் வந்தால் அளவு மாறிவிடும்: நெஃபெரெஃப்ரேயின் கோயிலை ஒட்டி 'கத்தி வீடு' என்ற பெயரில் தனி அறுப்புக்கூடம் இருந்தது, பத்து நாள் விழா ஒன்றில் 130 காளைகள் அறுக்கப்பட்டதாக ஏடு சொல்கிறது. இறந்து பல ஆண்டுகள் ஆன, மிகக் குறுகிய காலமே ஆண்ட ஓர் இளைஞனுக்காக!

10. கணக்கன்

ஒரு சிறு கேள்வி: பணிமுறை எப்படிச் சுழன்றது?

11. வெண்தாமரை

ஐந்து முறைக்குழுக்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவுகள், ஒரு பிரிவுக்கு ஒரு மாதப் பணி. ஆகவே ஒருவருக்குப் பத்து மாதத்துக்கு ஒரு முறை வரும். மற்ற மாதங்களில் அவர் விவசாயியாகவோ கைவினைஞராகவோ அரண்மனை ஊழியராகவோ இருப்பார். குழுக்களின் பெயர்கள் படகிலிருந்து வந்தவை: வலப்பக்கம், இடப்பக்கம், முன்முனை என்பனபோல. பிரமிடைக் கட்டிய தொழிலாளர்களையும் இதே குழுப்பெயர்களால்தான் பிரித்திருந்தார்கள். கட்டியபோது கல் இழுத்த முறையும், கட்டி முடித்தபின் பூசை செய்த முறையும் ஒன்றே.

12. நெடுவழி

நெஃபெரெஃப்ரே பற்றிய வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இறுதிச்சடங்கு இந்த வளாகத்தில் எந்தத் தடமும் விடவில்லை என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. அது இருப்பது கோயில்களில் அல்ல, பிரமிடின் உள்ளே.

ஐந்தாம் வம்சத்தின் கடைசி அரசன் உனாஸின் பிரமிடில்தான் முதன்முதலாக உட்சுவர்களில் பாடல்கள் வெட்டப்பட்டன. 1881இல் பிரெஞ்சு ஆய்வாளர் காஸ்தோன் மாஸ்பெரோ உள்ளே சென்றபோது, நீலநிறம் பூசிய எழுத்துகள் நெடுக்குவரிசைகளாக இறங்கிக்கொண்டிருந்தன. மேலே கூரை முழுவதும் விண்மீன்கள். பேழை இருக்கும் அறையின் வடக்குச் சுவரில் படையல் சடங்கு வரிசையாக வருகிறது: நீர், நேட்ரான், வாய்திறப்பு, எண்ணெய்கள், ரொட்டி. ஒவ்வொரு பொருளும் 'ஹோரஸின் கண்' (ஹோரஸ் ஓர் எகிப்தியக் கடவுள்) என்று பெயர்பெற்று அரசனிடம் நீட்டப்படுகிறது. எதிரே தெற்குச் சுவரில், நீ இறந்து போகவில்லை, உயிரோடுதான் போனாய் என்று உனாஸை நோக்கிச் சொல்லும் பாடல். இவை ஓதும் பூசகர்களின் சுருள்களிலிருந்து எடுத்துக் கல்லில் வெட்டப்பட்டவை என்பதற்குத் திருத்தங்களே சாட்சி: பிரமிடுகளில் சில இடங்களில் முதலில் 'நான்' என்று வெட்டி, பிறகு அதை அரசனின் பெயராக மாற்றியிருக்கிறார்கள். அந்தச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, பேழையை மூடும் நாளில் யாரோ ஒருவர் அந்த அறையில் நின்று ஓதியிருக்கிறார் என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

13. சுவடிப்பெட்டி

அதை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லை, நண்பரே. ஆனால் அதே படையல் வரிசை மேற்கோயிலின் படையல் அறையில் பொய்வாயிலுக்கு முன்னாலும் நாள்தோறும் நடந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பூசகர்கள் ஒருநாள் வராமல் போனாலும் சுவரே ஓதிக்கொண்டிருக்கட்டும் என்று வெட்டியிருக்கலாம் அல்லவா? அந்த அச்சம் வீணானதும் அல்ல. மென்காவுரேயின் கீழ்க்கோயிலை ரைஸ்னர் 1908 முதல் 1910 வரை தோண்டியபோது, முற்றம் முழுவதும் மண்வீடுகளும் தானியக் குதிர்களும் நெருக்கியடித்து நின்றிருந்தன. கோயிலுக்காக மானியம் பெற்ற குடும்பங்கள் கோயிலுக்குள்ளேயே குடியேறிவிட்டன. பூசை ஒரு மூலைக்கு ஒதுங்கியது.

14. மணல்மேடு

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு சுவர்ப்படத்தைத் திருத்தினேன். கல்பாதையில் ஏறிய சிவப்பு அம்புக்குறியை வெள்ளை பூசி மறைத்துவிட்டேன்; நீர்க்கரையில், கோயிலுக்கு வெளியே, கம்பும் பாயும் கொண்ட ஒரு கூடாரம் வரைந்து பக்கத்தில் '272 நாட்கள்' என்று எழுதினேன். பிரமிடின் வடக்கு முகத்தில் நுழைவாயிலையும், கிழக்கே பொய்வாயிலையும் தனித்தனியாகக் காட்டியிருக்கிறேன். கல்பாதை வெறுமையாகத் தெரிந்ததால், ரொட்டிக்கூடைகளோடு மேலே ஏறும் நான்கு பேரையும், காலிக்கூடைகளோடு இறங்கும் இருவரையும் வரைந்தேன். இறங்குபவர்களில் ஒருவர் கையில் விளிம்பு உடைந்த ஒரு கிண்ணம் இருக்கிறது. வெண்தாமரை அம்மையாருக்காக.